இடைவெளி நிதியும் எங்கள் கிணறும்

முப்பத்து நான்கு வயதில்தான் நான் நீச்சல் கற்றுக்கொண்டேன். கடலுக்குள் நிறுத்தப்போகும் காற்றாலைகளில் வேலை செய்ய நீச்சல் தெரிந்திருக்க வேண்டும் என்றார்கள். எனக்குத் தெரியாது. கற்றுக்கொண்டேன். சொல்லப்போனால் இவ்வளவுதான் விஷயம். ஆனால் கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில், கல்யாணமாகி, பள்ளிக்கூடம் போகும் பெண் குழந்தையும் இருக்கிற ஒருத்தி கிணற்றில் குதித்து நீந்தப் பழகினால், அது அவ்வளவோடு முடிந்துவிடாது.

திருவண்ணாமலையில் இருப்பவர்கள் கடலைப் பார்க்க வேண்டுமென்றால் புதுச்சேரிக்குப் பஸ் ஏற வேண்டும். காற்றாலையும் எங்கள் பக்கம் கிடையாது. நான் மின் பொறியியல் படித்தவள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். படிப்பு முடிந்த கையோடு தென்காசிப் பக்கம் காற்றாலைகளைப் பராமரிக்கும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. இடுப்பிலும் தொடையிலும் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு, தூணுக்கு உள்ளே இருக்கும் ஏணியில் ஏறிப் போக வேண்டும். உச்சியில் ஒரு சின்ன பஸ் அளவுக்கு இயந்திர அறை இருக்கும். காற்று வேகமெடுத்தால் அந்த அறையே மெல்ல ஆடும். முதல் நாள் வாந்தி எடுத்தேன். கொஞ்ச நாளில், கீழே இறங்கித் தரையில் நின்றால்தான் ஏதோ குறைகிற மாதிரி இருந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு அந்த வேலை நின்றது. அப்பா படுக்கையில் இருந்தார், திருமணத்தைப் பார்த்துவிட வேண்டும் என்றார், உள்ளூர் மாப்பிள்ளை அமைந்தார். திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் வாடகை வீடு. என் வீட்டுக்காரருக்குச் சொந்தமாக ஒரு வேன் இருக்கிறது. பௌர்ணமி வந்தால் கிரிவலத்துக்கு வருகிறவர்களை ஏற்றி இறக்கவே அவருக்கு நேரம் சரியாக இருக்கும், வீட்டுப் பக்கமே வரமாட்டார். நான் வீட்டு மாடிகளில் சோலார் பலகை பொருத்தும் ஒரு கடையில் சேர்ந்தேன். பலகை போடுகிற வேலைக்கு ஆண்களை வைத்துக்கொண்டு, என்னை நாற்காலியில் உட்கார வைத்து அரசு மானியத்தைப் பற்றி விளக்கச் சொன்னார்கள்.

ஒரு முறை ஓய்வு பெற்ற ஒருவர் வந்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, என் வீட்டு மாடியில் நான் கரண்ட் எடுத்துக்கொள்வதற்கு அரசாங்கம் எதற்காகப் பணம் தர வேண்டும் என்று கேட்டார். புதிதாக வரும் எந்தச் சாமானும் முதலில் விலை ஜாஸ்தியாகத்தான் இருக்கும், நாலு பேர் வாங்கினால்தான் இறங்கும், அந்த முதல் நாலு பேரைத் துணிய வைக்கத்தான் மானியம் என்றேன். அவர் யோசித்துவிட்டு, அந்த நாலு பேரில் நானும் ஒருத்தனா என்று சிரித்தார். இந்தப் பதிலை அதற்குப் பிறகு பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். எனக்கே சொல்லிக்கொள்ள வேண்டி வரும் என்று அப்போது தெரியாது.

தென்காசியில் என்னோடு தூண் ஏறிய தோழி ஒரு நாள் போன் செய்தாள். தெற்குக் கடலில் காற்றாலை நிறுத்த அரசு பணம் ஒதுக்கியிருக்கிறது என்று செய்தியில் நானும் பார்த்திருந்தேன். கடலுக்கடியில் அடித்தளம் போட்டு, கப்பலில் கொண்டுபோய் நிறுத்தி, கரை வரை கேபிள் இழுக்க ஆகும் செலவு, நிலத்தில் ஆவதைப் போலப் பல மடங்கு. அந்தச் செலவுக்கு ஏற்ற விலை வைத்தால் மின்சாரத்தை வாங்க ஆள் இருக்காது. வாங்குகிற விலைக்கு விற்றால் கம்பெனிக்குக் கட்டாது. நடுவே விழுகிற அந்தப் பள்ளத்தை அரசு பணம் போட்டு மூடும். அதைத்தான் இடைவெளி நிதி என்கிறார்கள். தோழி சொன்ன புதுச் செய்தி வேறு. கடலில் வேலை செய்ய ஆட்களைத் தயார் செய்ய ஒரு பயிற்சி தொடங்குகிறது, அதன் செலவையும் அரசே ஏற்கிறது, காற்றாலையில் வேலை பார்த்த அனுபவம் இருந்தால் பெண்களும் போகலாம்.

"எல்லாம் சரி, உனக்கு நீச்சல் தெரியுமா?" என்று கேட்டாள்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். போவதென்றால் போ, ஆனால் நீச்சல் தெரியாமல் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது என்றார். தனக்கும் நீச்சல் தெரியாது என்பதை அன்றைக்குத்தான் என்னிடம் சொன்னார். மாமியார் மட்டும் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டார். அதாவது பாதி சம்மதம்.

பிரச்சினை என் அண்ணனிடம்தான் வந்தது. அப்பாவுக்குப் பிறகு ஊரில் நிலத்தைப் பார்த்துக்கொள்பவன் அவன். நெல்லும் மணிலாக் கடலையும் போடுகிறான். கெட்டவன் இல்லை, என் படிப்புக்காகத் தன் படிப்பை விட்டவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் போயிருந்தபோது பேச்சு வந்தது.

"கடல்ல கொண்டுபோய் பணத்த கொட்றானுங்க. அதுல நீ வேற போயி விழணுமா?" என்றான்.

கொட்டவில்லை, ஒரு தொழிலைத் தொடங்கி வைக்கிறார்கள் என்றேன். நிலத்தில் காற்றாலை வந்த காலத்திலும் இப்படித்தான் சலுகை கொடுத்தார்கள், இன்றைக்கு அது தன் காலில் நிற்கிறது என்றேன். அவன் சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டான்:

"லாபம் வந்தா கம்பெனி எடுத்துக்கும். கம்மியா வந்தா கவர்மெண்ட் குடுக்கும். நடுவுல உனக்கு இன்னா?"

நியாயமான கேள்வி. "எனக்கு அந்த வேல தெரியும்ணா. குடுக்கற பணம் எல்லாமே கம்பெனிக்குப் போவக் கூடாதுன்னா, வேல தெரிஞ்சவங்க போயி நிக்கணும் இல்ல?" என்றேன். அவன் எழுந்தான். கையைக் கழுவப் போய்விட்டான்.

திருவண்ணாமலையில் நீச்சல் கற்க இடம் தேடினேன். பைபாஸ் பக்கம் தனியார் குளம் ஒன்று இருந்தது. பெண்களுக்கென்று நேரம் உண்டா என்று கேட்டதற்கு, கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்றார்கள். பெரியவர்களுக்கு என்று கேட்டேன். பெரியவர்கள் எல்லாருக்கும் தெரிந்திருக்குமே என்றார் அங்கிருந்தவர். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று புரியவில்லை.

அடுத்த வாரம் அண்ணி போன் செய்தார். என்னைவிட ஒரு வயது சின்னவர், ஆனால் உறவு முறையில் மூத்தவர். "நம்ம கெணத்துலயே கத்துக்கலாம் வா. நான் கத்துத் தரேன்" என்றார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்றேன். அண்ணி பிறந்த ஊர் ஒரு பெரிய ஏரிக்கரை. வயசுக்கு வரும்வரை அந்த ஏரியிலேயே கிடந்தாராம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அண்ணனுக்கு இது தெரியாது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, யாரும் கேட்கவில்லையே என்றார்.

எங்கள் கிணறு பெரியது. ஒரு பக்கம் படி உண்டு. அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்து தண்ணீர் மேல் படி வரை நின்றது. நான் டிராக் பேண்டும் முழுக்கை பனியனும் போட்டுக்கொண்டேன். அண்ணி சுடிதார் பேண்டோடு அண்ணனின் பழைய சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டார். எண்ணெய் வாங்கிய காலி பிளாஸ்டிக் கேன் இரண்டைக் கயிற்றில் கோத்து என் முதுகில் கட்டினார். பிறகு எதையும் விளக்கவில்லை. படியில் நின்றிருந்த என்னைத் தள்ளிவிட்டார்.

காற்றாலை உச்சியில் நின்றவளுக்குத் தண்ணீர் என்ன பயம் என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பு ஒரு வாய் தண்ணீரோடு போயிற்று. மூக்கு எரிந்தது, காது அடைத்தது, காலுக்குக் கீழே எதுவும் இல்லை. கேன்கள் என்னை மேலே தூக்கியபோது அண்ணி பக்கத்திலேயே மிதந்துகொண்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் நான் அதுவரை பார்த்திராத ஒரு தெளிவு. காலை உதை, கையைப் போட்டு அடிக்காதே, தண்ணீரோடு சண்டை போடாதே என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே என்னைச் சுற்றி வந்தார். நான் கரையேறியதும் அவர் மட்டும் மறுபடி குதித்து அடி வரை போய், ஒரு பிடி சேற்றோடு மேலே வந்தார். கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தார். இரண்டு பேரும் வெகு நேரம் சிரித்தோம்.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் போனேன். ஒரு கேனைக் கழற்றினார். பிறகு இரண்டையும் கழற்றினார். அதற்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. வரப்பில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். யாரோ செல்போனில் படம் எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். பங்காளி வீட்டுப் பெரியவர் ஒருவர் அண்ணனிடமே வந்து சொல்லிவிட்டுப் போனார்: வீட்டுப் பொம்பளைங்க கிணத்தில குதிக்கறாங்கன்னு வெளியூர்லகூட பேசறாங்க, நல்லாவா இருக்கு.

இதில் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. எங்கள் பக்கம் பெண் கிணற்றில் குதித்தாள் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான் இருந்தது. நான் சிறுமியாக இருந்தபோது அப்படி இரண்டு பேரைக் கயிற்றுக் கட்டிலில் தூக்கி வந்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால் அந்தப் பேச்சு அண்ணனை எங்கே போய்க் குத்தியிருக்கும் என்று எனக்குப் புரிந்தது. வீட்டில் ஏதோ நடந்துவிட்டது என்று நாலு பேர் நினைப்பார்களே என்ற பயம். ஆனால் அவன் அதை எங்களிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை. செய்தது வேறு.

அடுத்த ஞாயிறு நாங்கள் போனபோது மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கிணற்றில் தண்ணீர் பாதிக்குக் கீழே போயிருந்தது. பக்கவாட்டுக் கற்கள் ஈரமாகப் பளபளத்தன. முதல் நாள் இரவுதான் நல்ல மழை. நிலமெல்லாம் சேறாகக் கிடக்க, அந்தச் சேற்றின் மேலேயே கிணற்றுத் தண்ணீர் கால்வாய் வழியாகப் பாய்ந்து, வரப்பை உடைத்துக்கொண்டு பக்கத்துத் தரிசில் வழிந்துகொண்டிருந்தது. அண்ணன் வேப்பமரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

அண்ணி அவனைப் பார்த்தார். தண்ணீர் போகும் கால்வாயைப் பார்த்தார். நேராக மோட்டார் கொட்டகைக்குள் போனார். எனக்குப் பயமாகிப் பின்னாலேயே ஓடினேன், ஈரத் தரையில் நின்று எதையாவது தொட்டுவிடப் போகிறாரே என்று. மெயினை நான்தான் இறக்கினேன். மோட்டார் முனகிக்கொண்டு நின்றது. பெட்டியிலிருந்த பீஸ் கட்டைகள் மூன்றையும் அண்ணி பிடுங்கித் துப்பட்டாவில் முடிந்து இடுப்பில் கட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

அண்ணன் கொட்டகை வாசலுக்கு வந்துவிட்டான். கையை நீட்டினான். "குடு."

"வேணும்னா கெணத்துக்குள்ள வந்து வாங்கிக்குங்க" என்றார் அண்ணி.

குரலை உயர்த்தவில்லை. வாங்க போங்க என்ற மரியாதையையும் விடவில்லை. அதனாலேயே அண்ணனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஊர் அசிங்கமாகப் பேசுகிறது என்றான். அதற்கு அண்ணி சொன்னதை என்னால் மறக்க முடியாது.

"சாவறதுக்குக் குதிச்சா எல்லாரும் வந்து அழுவாங்க. பொழைக்கறதுக்குக் குதிச்சா மட்டும் அசிங்கமா?"

அண்ணன் என் பக்கம் திரும்பினான், எல்லாம் உன்னால்தான் என்பதைப் போல. எனக்கும் அன்றைக்கு விட்டுக்கொடுக்கத் தோன்றவில்லை.

"கடல்ல பணத்த கொட்றாங்கன்னு சொன்னியே அண்ணா. இந்தக் கரண்டு யார் குடுக்கறது? ஓசிக் கரண்டு. அதுக்கு கவர்மெண்ட்தான் கட்டுது. கட்டட்டும், நான் வேணான்னு சொல்லல. அது இல்லன்னா நீ பயிர் வைக்க முடியாது. ஆனா ரெண்டு பொம்பளைங்க நீந்தக் கூடாதுன்னு சேத்து மேல தண்ணிய கொட்டறியே, இதுக்கா குடுக்கறாங்க?"

அவன் முகம் கறுத்துவிட்டது. உடைந்த வரப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அதை அடைக்கப் போனான். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. தண்ணீர் குறைவாக இருந்ததால் அன்றைக்கு ஆழமான மூலையில் மட்டும் நீந்தினோம். நாங்கள் கரையேறும்வரை அவன் பக்கத்து வயலிலேயே இருந்தான். வரப்பில் போன இரண்டு பேர் நின்று போனை எடுத்தபோது, என்னடா வேலை இங்கே என்று அவன் கேட்டது எங்களுக்குக் கேட்டது. போய்விட்டார்கள்.

பயிற்சி தென்கடலோரம் ஒரு ஊரில் நடந்தது. மகளை அண்ணி வைத்துக்கொண்டார். தோழியும் பயிற்சியில் சேர்ந்திருந்தாள். எங்கள் குழுவில் பெண்கள் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான், அதில் கடலோரத்துக்காரர் அல்லாதவள் நான் ஒருத்தி. முதல் வாரம் தீயணைப்பு, முதலுதவி, உயரத்தில் வேலை. அதெல்லாம் எனக்குப் பழையது. அடுத்து நீச்சல் குளத்தில், உடம்பு முழுக்க மூடும் தடித்த ஆரஞ்சு நிற உடையைப் போட்டுக்கொண்டு உயரமான மேடையிலிருந்து குதிக்க வேண்டும். குதித்தேன். குளத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நீந்திப் போகச் சொன்னார்கள். போனேன். எங்கே கற்றாய் என்று பயிற்சியாளர் கேட்டார். கிணற்றில் என்றதும் பின்னால் சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை. கிணற்றில் கற்றவர்களுக்குக் கால் ஊன்ற இடம் இருந்திருக்காது, அதனால் கடலில் அவர்களுக்குப் பதற்றம் கம்மி என்றார்.

கடல் வேறு மாதிரிதான் இருந்தது. படகிலிருந்து, பயிற்சிக்கென்று கடலில் நட்டிருந்த இரும்புச் சட்டத்தின் ஏணிக்குத் தாவுவதுதான் கடினம். படகு அலையோடு ஏறி இறங்கும், ஏணி அசையாது. அலை உச்சிக்கு வரும் நொடியில் காலை எடுத்து வைக்க வேண்டும். முந்தினாலும் தப்பு, பிந்தினாலும் தப்பு. இரண்டு முறை பின்வாங்கினேன். மூன்றாவது முறை போனேன். ஏணியைப் பிடித்த பிறகு கீழே பார்த்தேன். படகு எனக்கு வெகு கீழே போயிருந்தது. அடுத்த படியில் காலை வைத்தேன்.

எங்களை ஏற்றிச் சென்ற படகுக்காரர் மீன் பிடிக்கிறவர். கார்த்திகை தீபத்துக்கு எங்கள் ஊருக்கு வந்திருப்பதாகச் சொன்னார். திரும்பி வரும்போது அவர் ஒன்று கேட்டார். கம்பெனிக்குக் கட்டுப்படியாகாததை அரசு ஈடு கட்டுகிறது, சரி. காற்றாலைக் கோபுரம் நிறுத்துகிற நாட்களில் அந்தப் பக்கம் வலை போடக் கூடாது என்பார்களே, எங்களுக்குக் கட்டுப்படியாகாததை யார் ஈடு கட்டுவது என்றார். கோபமாகக் கேட்கவில்லை. எங்கேயாவது வாய்ப்புக் கிடைத்தால் இதைக் கேட்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அப்படிச் சொன்னவர்கள் நிறைய பேர் என்பது போல அவர் தலையாட்டினார்.

சான்றிதழோடு வீடு வந்தேன். பிறகு நடந்தது எல்லாரும் செய்தியில் பார்த்ததுதான். அரசு டெண்டர் விட்டது. இடைவெளி நிதி தருகிறேன் என்று சொல்லியும் எடுக்க ஆள் வரவில்லை. கடைசித் தேதியைத் தள்ளிப் போட்டார்கள், கடைசியில் ரத்து செய்தார்கள். வேலைக்கு அழைப்போம் என்றவர்கள் காத்திருங்கள் என்றார்கள். நான் மறுபடி சோலார் கடை நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன். தெருவில் ஒருவர் பார்க்கும்போதெல்லாம், கடல்ல காத்தாடி சுத்துதாம்மா என்று கேட்பார். ஊரில் இன்னும் மோசமாகக் கேட்டார்கள். அண்ணன் கேலி செய்யவில்லை. அவ்வளவு பணம் தருகிறேன் என்றும் ஒருத்தனும் வரவில்லையா என்று உண்மையாகவே ஆச்சரியப்பட்டான். வீட்டுக்காரர்தான் ஒரு நாள் மெதுவாக, விட்டுடேன் என்றார். விடறதுக்கா அவ்வளவு தண்ணி குடிச்சேன் என்று கேட்டேன். அதோடு விட்டுவிட்டார்.

எங்களை வதைத்தது காத்திருப்பு மட்டுமல்ல. அந்தப் பாதுகாப்புச் சான்றிதழுக்கு ஆயுள் உண்டு. காலம் கடந்தால் மறுபடி பயிற்சி எடுத்துப் புதுப்பிக்க வேண்டும். அந்தச் செலவு எங்கள் தலையில். கடலில் ஒரு கோபுரம்கூட நிற்பதற்கு முன்பே நாங்கள் காலாவதியாகிவிடுவோம்.

இந்தச் சமயத்தில் சென்னையில் ஒரு கூட்டம் என்று பயிற்சி நிறுவனத்திலிருந்து அழைத்தார்கள். அதிகாரிகள், கம்பெனிக்காரர்கள், துறைமுக ஆட்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். எங்களைச் சீருடையோடு வரச் சொல்லியிருந்தார்கள். போட்டோ எடுத்துக்கொண்டு பின்வரிசையில் உட்கார வைத்தார்கள். காலை முழுவதும் கம்பெனிக்காரர்கள் பேசினார்கள். தருகிற நிதி போதாது, கூட்ட வேண்டும். துறைமுகத்தைச் சரிசெய்து தர வேண்டும். மின்சாரத்தை வாங்குகிறவர் யார் என்று உறுதி வேண்டும். அவர்கள் சொன்னது எல்லாமே தப்பு என்று நான் சொல்லமாட்டேன். முதல் கோபுரத்தை நிறுத்துகிறவனுக்குத்தான் அடி அதிகம், அது எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பேச்சு முழுவதிலும், ஏறிப் போய் வேலை செய்யப்போகிறவர்கள் என்று ஒரு சொல் வரவில்லை.

கேள்வி நேரத்தில் கை தூக்கினேன். மைக் முன்வரிசைகளிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. நேரமாகிவிட்டது என்று முடிக்கப் போனார்கள். நான் எழுந்து மேடைப் பக்கம் நடந்தேன். தோழி என் கையைப் பிடித்து இழுத்தாள், அப்புறம் அவளும் எழுந்து வந்தாள். மைக்கை வைத்திருந்த பெண்ணிடம் கையை நீட்டினேன். கொடுத்துவிட்டாள்.

"கம்பெனிக்கு ஒரு இடைவெளி இருக்குது, அத நிரப்பறதுக்கு நிதி இருக்குதுங்க. எங்களுக்கும் ஒரு இடைவெளி இருக்குது. பயிற்சி முடிஞ்சதுக்கும் வேல வரதுக்கும் நடுவுல இருக்கற இடைவெளி. அத யாருங்க நிரப்பறது?"

அரங்கில் ஒரு சலசலப்பு. முன்வரிசையில் ஒரு கம்பெனிக்காரர் திரும்பிப் பார்த்து, கொஞ்சம் பொறுமையாக இருங்கள் என்று சிரித்தபடியே சொன்னார்.

"நீங்களும் பொறுமையாத்தான் இருக்கீங்க சார். ஆனா அதுக்கு ஆவற செலவ கணக்குல சேத்து கவர்மெண்ட்கிட்ட கேக்கறீங்க. எங்க பொறுமைய மட்டும் ஏன் சும்மா குடுக்கச் சொல்றீங்க?"

கையில் மைக் இருந்ததால் நிறுத்தவில்லை. புதுப்பிக்கும் பயிற்சியின் செலவும் அந்த நிதியிலேயே வர வேண்டும் என்றேன். கடல் வேலை வரும்வரை எங்களை நிலத்துக் காற்றாலைகளில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று, நிதி கேட்கும் கம்பெனிகளுக்கு நிபந்தனை வையுங்கள் என்றேன். கடைசியாக, எங்களைக் கடலுக்குக் கூட்டிப் போன படகுக்காரர் கேட்டதை, அவர் கேட்டபடியே கேட்டேன். பின்வரிசையிலிருந்து கைதட்டல் வந்தது. முன்வரிசையில் யாரும் தட்டவில்லை.

மேடையில் இருந்த அதிகாரி குறித்துக்கொண்டதாகச் சொன்னார். சாப்பாட்டு நேரத்தில் ஒரு பெண் அதிகாரி வந்து, நான் சொன்னதையெல்லாம் மனுவாக எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள் என்றார். சீருடையோடு வரச் சொல்லி அழைத்த பயிற்சி நிறுவன ஆள் மட்டும் என்னோடு பேசவில்லை. இனி உன்னை எதற்கும் கூப்பிடமாட்டார்கள் என்று தோழியிடம் சொன்னாராம். கூப்பிடாவிட்டால் நானே வருவேன் என்று சொல்லி அனுப்பினேன்.

மனு அனுப்பினோம். பதில் இல்லை. மறுபடி அனுப்பினோம். வாரா வாரம் தோழி போன் போட்டாள், நான் மெயில் போட்டேன். மாதங்கள் கழித்துப் பதில் வந்தது. புதுப்பிக்கும் பயிற்சியின் செலவைத் திட்டமே ஏற்கும். நிலத்துக் காற்றாலை வேலை பற்றி, பரிசீலனையில் உள்ளது என்று ஒரு வரி. படகுக்காரர் கேள்விக்கு ஒரு வரிகூட இல்லை. அன்றைக்கே அவருக்குப் போன் செய்து, கேட்டேன், பதில் வரவில்லை, இன்னும் கேட்பேன் என்றேன். அவர், கூட்டத்தில் நான் கேட்டதையே தன் பிள்ளைகளிடம் சொல்லப்போவதாகச் சொன்னார்.

போன மாதம் புதுப்பித்துவிட்டு வந்தேன். எங்கள் குழுவில் பாதிப்பேர்தான் வந்திருந்தார்கள், மற்றவர்கள் வேறு வேலைகளுக்குப் போய்விட்டார்கள். டெண்டர் மறுபடி வரும் என்கிறார்கள். வரலாம், இன்னொரு முறை தள்ளியும் போகலாம். அந்தப் பரிசீலனை முடியட்டும் என்று நான் உட்கார்ந்திருக்கவில்லை. என் பழைய கம்பெனிக்கு நானே எழுதினேன். நிலத்து அனுபவமும் கடல் சான்றிதழும் இருக்கிற ஆள் அவர்களுக்கும் தேவைப்பட்டது. வரும் ஜூனில் மகளையும் கூட்டிக்கொண்டு தெற்கே போகிறேன். வீட்டுக்காரர் பௌர்ணமிக்குப் பௌர்ணமி இங்கே வேன் ஓட்டுவதாகவும், மற்ற நாட்கள் அங்கே இருப்பதாகவும் ஏற்பாடு. இது எத்தனை நாள் ஓடும் என்று தெரியாது. ஓட்டிப் பார்க்கலாம் என்றார்.

வாடகை வீடு தேடி அங்கே வீட்டு உரிமையாளர் ஒருவருக்குப் போன் செய்தேன். சாருக்கு என்ன வேலை என்று கேட்டார். சார் வேன் ஓட்டுகிறார், வேலை எனக்குத்தான், காற்றாலையில் ஏறுகிற வேலை என்றேன். அவர், வீடு மாடியில் இருக்கிறது, ஆனி ஆடியில் காற்று கதவைப் பிய்த்துக்கொண்டு போகும், முன்னாடி இருந்தவர்கள் அதனால்தான் காலி செய்தார்கள், உங்களுக்குப் பரவாயில்லையா என்று கேட்டார்.

பரவாயில்லை என்றேன்.